மகளின் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் பெட்டி கட்டலாம்

கேள்வி:

நாங்கள் கிருஷ்ணகிரிக்காரர்கள். வட உகாண்டாவில் குலு நகரத்துக்குப் பக்கத்தில் எட்டு வருடமாக மிஷனெரிகளாக இருக்கிறோம். கணவர் கிராமச் சபைகளின் போதகர்களுக்கு வேதபாடம் நடத்துகிறார். நான் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறேன். போன வருடம் மார்ச்சில் ஆறு மாத விடுமுறையில் வந்தோம். மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததால் தங்கிவிட்டோம். மே மாதக் கடைசியில் திரும்பச் சொல்கிறது எங்கள் ஸ்தாபனம்.

மகனுக்கு எட்டு வயது, அவனுக்கு ஒரே குஷி. மகளுக்குப் பதின்மூன்று நடக்கிறது, இங்கே ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வந்த புதிதில் குலுவுக்கே போகலாம் என்று தினமும் அழுதாள். இப்போது வரவே மாட்டேன் என்கிறாள். ஒருநாள் குடும்ப ஜெபத்தில், "இயேசு உங்களைத்தானே கூப்பிட்டார், என்னையா கூப்பிட்டார்?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அவர் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போகிற சபைகளில் பிள்ளைகள் இரண்டு பேரும் குலு பக்கத்து அச்சோலி மொழியில் பாடுவார்கள். இப்போது அவள் மேடை ஏற மறுக்கிறாள். இவ்வளவுக்கும் தாத்தாவிடம் உயிராக இருக்கிறாள். அவர் இடது கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லி, அச்சோலியில் ஆசெல், ஆர்யோ, ஆடெக் என்று எண்ணுகிறாள். அவரும் கூடவே எண்ணுகிறார்.

இது கலகமா? மாமியார், "பாப்பாவை என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்கிறார். ஏற்காட்டில் ஹாஸ்டலில் சேர்க்கலாம் என்று சபையில் ஒருவர் சொல்கிறார். ஓசூரில் இருக்கும் மூத்தார், "அப்பாவை நான் மட்டும்தான் பார்க்கணுமா?" என்று கேட்டுவிட்டார். எப்படித் தயாராவது என்றே தெரியவில்லை. எனக்கும் இந்த முறை பயமாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இது கலகம் இல்லை. எதிர்ப்பது என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைகள் பெரும்பாலும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், செய்வதைச் செய்துகொண்டிருப்பார்கள். உங்கள் மகள் குடும்ப ஜெபத்தில், அப்பாவின் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் கேட்டால்தான் அப்பா காதில் விழும் என்று நினைத்திருக்கலாம். அவளுக்குப் பதில் வேண்டும். இத்தனை நாளாகியும் அது வரவில்லை.

வேத விளக்கம் என் வேலை அல்ல, குடும்பங்களோடு பேசுவதுதான் என் வேலை. அந்த இடத்தில் நின்று சொல்கிறேன்: அவள் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. "ஆமாம் பாப்பா, கூப்பிட்டது எங்களைத்தான். உன்னை எதற்குக் கூப்பிடுவார் என்பது நீ வளர்ந்தபின் உனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற விஷயம். நீ எங்கள் மகள், உன்னை விட்டுவிட்டு எங்களால் இருக்க முடியாது. அதனால்தான் எங்களோடு வரச் சொல்கிறோம்." இதைச் சொல்லப் பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். அழைப்பு நம்முடையது மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டால், பிள்ளை "அப்படியானால் நான் எதற்கு வரணும்" என்று கேட்டுவிடுமே என்ற பயம். கேட்கட்டும். "நீ எங்கள் பிள்ளை" என்பது போதுமான காரணம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் பெற்றோர் வேலை செய்கிற ஊரில் வளர்வது அந்த ஒரே காரணத்தால்தான்.

"நம்ம குடும்பத்தையே கர்த்தர் அழைத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? தோழியை விட்டுப் போக மனம் வரவில்லை என்று அவள் நினைப்பதே கடவுளுக்குக் கீழ்ப்படியாமை ஆகிவிடும். பதின்மூன்று வயதில் அந்தப் பாரத்தைச் சுமக்க முடியாது. சில பிள்ளைகள் அழுகையை விழுங்கிக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள். சில பிள்ளைகள் பிற்பாடு ஊரையும் ஊழியத்தையும் கடவுளையும் ஒன்றாகச் சேர்த்து வெறுத்துவிடுவார்கள். ஊழியர் வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு வகையையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதிகக் கவலை தருவது தலையாட்டுகிற பிள்ளைகள். எல்லாரும் அவர்களை நல்ல பிள்ளை என்று சொல்லிவிடுவதால், உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அவள் எதை இழக்கிறாள் என்று ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். விவரம் தெரியாத வயதில் கிருஷ்ணகிரியை விட்டுப் போனாள். அங்கே பள்ளிக்குப் போய் நாலு பேர் பழக ஆரம்பித்த நேரத்தில் கொரோனா வந்தது. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் முழுவதுமாகத் திறந்தன. உலகத்திலேயே மிக நீண்ட மூடல்களில் ஒன்று அது. அந்த வயதில் ஏறக்குறைய இரண்டு வருடம் அவளுக்கு நீங்களும் தம்பியும்தான் உலகம். அதற்குப் பிறகு கிடைத்த தோழிகளை விட்டுவிட்டுத்தான் போன வருடம் இங்கே வந்தாள். தினமும் அழுதது அதற்காகத்தான். அந்த அழுகையைத் தாண்டி, ஆறு மாதம் என்று சொல்லி அழைத்து வந்த ஊரில் இவ்வளவு நாள் இருந்து, பேச்சுத் தமிழோடு எழுத்துத் தமிழையும் பிடித்து, வகுப்பில் ஒரு இடம் சம்பாதித்திருக்கிறாள். இப்போது மறுபடி பெட்டி கட்டு என்கிறோம். அப்போது அழுததும் இப்போது வரமாட்டேன் என்பதும் உங்களுக்கு முரணாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்கே போனாலும் மனிதர்களோடு நன்றாக ஒட்டிக்கொள்கிற பிள்ளை இவள், அதனால் பிரிவும் இவளுக்கு அதிகமாக வலிக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்த ரப்பர் பந்துதான். தோழிகளுக்காகத்தான் அவள் மறுக்கிறாள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நான் போய்விட்டால் தாத்தாவுக்கு யார் எண்ணிச் சொல்வார்கள், அவர் கை அப்படியே நின்றுவிடுமோ, திரும்பி வரும்போது அவர் இருப்பாரோ இல்லையோ என்று அவள் பயந்துகொண்டிருக்கலாம். பெரியவர்களுக்கே வாய்விட்டுச் சொல்ல வராத பயம் இது. அவளிடம் கேளுங்கள். "தாத்தாவை நினைத்துக் கவலைப்படுகிறாயா?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். ஆமாம் என்றால், நீங்கள் தீர்க்க வேண்டிய பிரச்சனை வேறு. அதற்கு வழியும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பேச்சை உங்கள் கணவர்தான் தொடங்க வேண்டும். அவள் கேட்டது அவரிடம், பேச்சை நிறுத்தியதும் அவர்தான். வீட்டில் வேண்டாம், அங்கே ஆயா, அதாவது உங்கள் மாமியார், இருப்பார், தம்பி இருப்பான். ஒரு சாயங்காலம் கே.ஆர்.பி. அணைப் பூங்கா பக்கம் இரண்டு பேரும் நடந்துவிட்டு வரட்டும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் இந்த வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் தாராளமாகப் பேசுவார்கள். "அன்றைக்கு நீ கேட்டது சரியான கேள்வி. எனக்கு அது வலித்தது, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்" என்று அவர் சொல்லட்டும். அதற்குப் பிறகு அவர் கேட்க மட்டும் வேண்டும். நடுவில் புத்தி சொல்லக் கூடாது. அவள் எதுவும் பேசாமல் வந்தாலும் பரவாயில்லை, அடுத்த வாரம் மறுபடி போகட்டும்.

ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். பவுல் எபேசு சபையின் மூப்பர்களிடம் மிலேத்துவில் விடைபெற்ற இடத்தை உங்கள் கணவர் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருப்பார். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள். எல்லாரும் முழங்காற்படியிட்டு ஜெபித்தார்கள், அதே இடத்திலேயே எல்லாரும் மிகவும் அழுதார்கள், கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், இனி பார்க்க மாட்டோம் என்று துக்கப்பட்டார்கள், கப்பல் வரைக்கும் கூடப் போனார்கள். அங்கே யாரும் யாரையும் அழாதே என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டு ஜெபத்திலும் அவள் அழலாம், கோபப்படலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது, எது முடிவாகிவிட்டது, எது ஆகவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திரும்பிப் போவது உங்கள் இருவரின் முடிவு என்றால் அதை நேராகச் சொல்லுங்கள். அவளிடம் கருத்துக் கேட்பதுபோலக் கேட்டு, அவள் வேண்டாம் என்றதும் அதைத் தள்ளிவைத்தால், இனிமேல் நீங்கள் எதைக் கேட்டாலும் நம்ப மாட்டாள். ஆனால் அவள் முடிவு செய்யக்கூடிய விஷயங்களை நிஜமாகவே அவளிடம் கொடுங்கள். ஒரு பெட்டி முழுக்க அவளுடையது, அதில் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கக் கூடாது. கடைசி வாரத்தில் யார் யார் வீட்டுக்குப் போவது, யாரிடம் சொல்லிக்கொள்வது என்பதும் அவள் சொல்கிறபடி. மேடை ஏறிப் பாடுவதும் அப்படித்தான். அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அந்த அச்சோலிப் பாட்டு அவள் தோழிகளோடு பாடிய பாட்டாக இருக்கும். அதை ஞாயிறுதோறும் முன்பின் தெரியாத சபைகளில் பாடிக் காட்டச் சொல்வது அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊழியத்தைத் தாங்குகிற சபைகளில் "மகள் ஏன் பாடவில்லை?" என்று கேட்டால், "இந்த முறை நாங்கள்தான் பேசுகிறோம்" என்று சொல்லுங்கள், போதும். மே மாதத்தின் எல்லா ஞாயிறுகளையும் சொந்தச் சபையிலேயே இருக்கும்படி ஒதுக்கிவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளைகளும் இளைப்பாறுவார்கள், நீங்களும் இளைப்பாறுவீர்கள்.

இனி ஆயாவும் ஹாஸ்டலும். ஆயாவிடம் விடுவது வேண்டாம். அவர் அன்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. தர்மபுரி பக்கம் பென்னாகரம், அரூர் ஊர்களிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிற பெற்றோர் பிள்ளைகளைத் தாத்தா, பாட்டியிடம் விட்டுப் போவதை நான் வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். பாட்டி பேத்தியைப் பார்த்துக்கொள்வது கொஞ்ச காலம்தான் நடக்கும். அப்புறம் பேத்திதான் பாட்டியைப் பார்த்துக்கொள்வாள். உங்கள் வீட்டில் பக்கவாதம் வந்த தாத்தாவும் இருக்கிறார். பள்ளி விட்டு வந்து மருந்து எடுத்துக் கொடுப்பது, ராத்திரி எழுந்திருப்பது எல்லாம் உங்கள் மகள் தலையில் விழும். அவள் அதைச் சந்தோஷமாகச் செய்வாள், அதுதான் ஆபத்து. இது ஒரு சிறுமி சுமக்கிற வேலை இல்லை.

ஹாஸ்டல் தவறு என்று சொல்ல மாட்டேன். கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனெரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகவே பள்ளி தொடங்கினார்கள். மலைப் பள்ளிகளில் படித்து நன்றாக வளர்ந்தவர்கள் நிறைய. சின்ன வயதிலேயே விடப்பட்டு, வயதான பிறகும் அந்தப் பிரிவைச் சொல்லிக் கலங்குகிறவர்களும் நிறைய. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், பிள்ளை எந்த வயதில் போனது, தானே விரும்பிப் போனதா, மாதாமாதம் வந்து பார்க்க மனிதர் இருந்தாரா, பிடிக்கவில்லை என்றால் வெளியே வர வழி இருந்ததா என்பதில்தான். உங்கள் மகள் ஹாஸ்டலைக் கேட்கவில்லை. குலுவுக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளையை ஏற்காட்டுக்கு அனுப்பினால், அவள் கேட்ட கிருஷ்ணகிரியும் இல்லை, நீங்களும் இல்லை என்று ஆகிவிடும். என் கருத்து, இப்போது கூட்டிப்போங்கள். பத்தாம் வகுப்புக்குச் சமமான படிப்பு முடிகிற சமயத்தில் இந்தப் பேச்சை மறுபடி எடுப்போம், அப்போது உன் சொல்லுக்கு இப்போதைவிட அதிக எடை இருக்கும் என்று அவளுக்கு வாக்குக் கொடுங்கள். அதை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

தேதி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். உகாண்டாவில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது, மூன்று பருவம். நீங்கள் மே கடைசியில் போய் இறங்கினால் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் நுழைவாள். அவளோடு படித்தவர்கள் இப்போது தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான பிரைமரி ஏழில் இருந்தால், வருடக் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு ஆளுக்கொரு மேல்நிலைப் பள்ளிக்குப் பிரிந்துவிடுவார்கள். அங்கே நிறையப் பேர் மேல்நிலைப் படிப்பை ஹாஸ்டலில்தான் படிக்கிறார்கள். மே மாதம் போனால் பழைய தோழிகளோடு சில மாதம் கிடைக்கும், ஆனால் வந்ததும் வராததுமாகப் பெரிய தேர்வு. ஜனவரிக்குத் தள்ளினால் தேர்வு அவசரம் இல்லை, ஆனால் அந்தத் தோழிகள் அங்கே இருக்க மாட்டார்கள், இறுதித் தேர்வு எழுதாத பிள்ளையை மேல்வகுப்பில் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியும் வரும். பள்ளிக்கு இந்த வாரமே எழுதி இரண்டையும் கேளுங்கள். பதில் வந்ததும் அதை மகள் முன்னால் வைத்து, இரண்டிலும் உள்ள நல்லது கெட்டதைச் சொல்லி, எது வேண்டும் என்று கேளுங்கள். ஸ்தாபனம் ஒப்புக்கொண்டால் அவள் சொல்கிற தேதியே இருக்கட்டும். போவதா வேண்டாமா என்பது அவள் கையில் இல்லை. எப்போது போவது என்பதிலாவது அவள் சொல் எடுபடட்டும். எனக்கு மே மாதம்தான் நல்லதாகப் படுகிறது. ஆனால் அவள் வேறு சொன்னால் அதற்குக் காரணம் வைத்திருப்பாள்.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேதான், சூளகிரிக்குப் பக்கத்தில் சாமனப்பள்ளி கிராமத்தில், 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) கொடுப்பதும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, மாமனார் பெயரைப் பதிந்து, இயன்முறை சிகிச்சையாளர் முதல் முறை வருகிற அன்றைக்கு உங்கள் மகளையும் கூட உட்கார வையுங்கள். தாத்தா எந்தப் பயிற்சியைச் சரியாகச் செய்கிறார், எதில் ஏமாற்றுகிறார் என்று அவளுக்குத்தான் தெரியும், அவளே சொல்லட்டும். குலு போன பிறகும் வாரத்தில் இரண்டு நாள் வீடியோ அழைப்பில் அவள் எண்ணலாம். நம்மைவிட உகாண்டா இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அவள் பள்ளி விட்டு வந்ததும் கூப்பிட்டால் தாத்தாவுக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும். முதியோருக்கான 14567 உதவி எண்ணையும் மாமியார் போனில் பதிந்து வையுங்கள்.

மூத்தார் கேட்டது நியாயமான கேள்வி. ஒருவர் ஊழியத்துக்குப் போனால் ஊரில் இருக்கிற அண்ணன்தான் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். சபையில் சாட்சி சொல்லும்போது அவர் பெயர் வருவதில்லை. உங்கள் கணவர் ஓசூர் போய், அண்ணன் வீட்டில் ஒருநாள் தங்கி, "அண்ணா, நீ இல்லாமல் நான் போயிருக்கவே முடியாது" என்று நேரில் சொல்லட்டும். அண்ணியிடமும் சொல்லட்டும். வேலை பாதி அவர் தலையிலும்தானே. அதற்குப் பிறகு பணக் கணக்கு. உங்கள் மாதப் பங்கு எவ்வளவு, அவசரத்துக்கு எவ்வளவு, அது எந்தக் கணக்கில் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அவசரப் பணம் அண்ணன் இங்கேயே எடுக்கிற கணக்கில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. குலுவில் இருக்கிற போனுக்கு வந்து, அந்த நேரத்தில் சிக்னல் இல்லாமல் போய், இங்கே ஆஸ்பத்திரியில் அண்ணன் நிற்கிற நிலைமை வரக் கூடாது.

இன்னொன்றும் பேசிவிடுங்கள், இதை எல்லாரும் தள்ளிப்போடுவார்கள். மாமனார் காலமானால் உங்கள் கணவர் வருவாரா? குலுவிலிருந்து என்டெபே விமான நிலையத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அதற்கே ஒரு பகல் போய்விடும். அப்புறம் விமானம், பெங்களூர், அங்கிருந்து கிருஷ்ணகிரி. எவ்வளவு வேகமாக வந்தாலும் இரண்டு நாள். அதுவரை ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருப்பதா, அடக்க ஆராதனையை முடித்துவிடுவதா என்று அந்த நேரத்தில் அண்ணன் மேல் முடிவைப் போட்டால் அது தீராத மனஸ்தாபமாகிவிடும். மாமனாரையே கேளுங்கள். படுத்திருக்கிற பெரியவர்கள் இந்தப் பேச்சுக்கு நாம் நினைக்கிற அளவு பயப்படுவதில்லை, பல பேர் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பார்கள். அவர் சொன்னதை அண்ணன், தம்பி இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து வீட்டில் சண்டைகள் கூடும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். மகள் நெருங்கிய தோழியோடு ஒரு சின்ன விஷயத்துக்குப் பேச்சை முறித்துக்கொள்ளலாம். நீங்களே மாமியாரோடு ஒரு பாத்திரத்துக்காக வார்த்தை விட்டுவிடலாம். கோபமாகப் பிரிவது சுலபம், அழுதுகொண்டு பிரிவது கஷ்டம். மனது சுலபமான வழியைத் தேடிக்கொள்ளும். அப்படி முறிந்ததை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். மூவாயிரம் மைல் என்றாலும் மூன்று மைல் என்றாலும் தீராத சண்டை மனதில் ஒரே மாதிரிதான் கிடக்கும். மகளிடம், "போகும்போது இப்படித்தான் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது" என்று சொல்லி, தோழி வீட்டுக்கு நீங்களே கூட்டிப்போங்கள்.

மகனை மறந்துவிடாதீர்கள். இப்போது குஷியாக இருக்கிற பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பிறகு, எல்லாரும் நன்றாக இருக்கிற சமயம் பார்த்து அழ ஆரம்பிப்பார்கள். அவன் மனதில் இருக்கிற குலு போன வருடத்துக் குலு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்களா, நாய் இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து, மாறியதை இங்கேயே சொல்லிவிடுங்கள்.

காகித வேலைகளை நீங்கள் ஒருமுறை செய்தவர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான், தேதியைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய மஞ்சள் அட்டை கையில் இருக்கிறதா என்று மட்டும் தேடி வையுங்கள். மலேரியாவில் அலட்சியம் வேண்டாம். அந்த ஊரில் வருடக்கணக்காக இருந்த உடம்புக்குக் கொஞ்சம் எதிர்ப்பு வந்திருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது குறைந்துவிடும். "நாங்கள் அங்கேயே இருந்தவர்கள்" என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் முதல் மழைக்காலத்தில் படுத்துவிடுகிறார்கள். தடுப்பு மாத்திரை பற்றிக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள், பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மகள் பள்ளியில் டி.சி., மதிப்பெண் பட்டியல், எமிஸ் எண் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அவள் இங்கே கல்லூரிக்கு வர நினைத்தால் நேட்டிவிட்டி சான்றிதழும் வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மகள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், தாத்தாவின் பந்தைக்கூடத் தொடாமல் இரண்டு வாரம் இருந்தால், அல்லது வாழ்வதே வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், காத்திருக்க வேண்டாம். 14416 என்கிற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போங்கள். அப்படி ஆனால் மே மாதப் பயணத்தை நிறுத்திவைக்கத்தான் வேண்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்களுக்கென்று எழுதியது கடைசி இரண்டு வரிதான். எட்டு வருடம் அங்கே இருந்துவிட்டு இப்போது பயம் வருவது ஏன் என்று நீங்கள் குழம்பலாம். முதல் முறை போனபோது என்ன காத்திருக்கிறது என்று தெரியாது, இப்போது தெரியும். பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தால் என்ன ஆகும் என்று தெரியும். அந்தப் பயத்தைச் சபை மேடையில் சொல்ல முடியாது, ஜெபக் கடிதத்தில் எழுத முடியாது. உங்களைத் தாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தோன்றும். கணவரிடம் சொல்லுங்கள். மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் நடந்து போகிற அந்த வாரத்திலேயே நீங்களும் சொல்லிவிடுங்கள். உங்கள் பயத்தை மகளும் ஒருநாள் கேட்கலாம், அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஸ்தாபனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெற்றோருக்கு ஏதாவது ஆனால் திரும்பி வர டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒருநாள் முழுக்க, கணவர் இல்லாமல், சபைக்காரர் யாரும் இல்லாமல், ஒரு பெண் ஆலோசகரோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நாம் கேட்கலாமா என்று யோசிக்க வேண்டாம். களத்துக்கு அனுப்புகிறவர்கள் செய்து தர வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள். ஏற்பாடு ஆகவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், தர்மபுரிக்கு வாருங்கள், பேசுவோம்.